பெரியப்பாவை ஏற்றிய வண்டி

காஞ்சிபுரம்
நவம்பர் 9

அன்பு மகள் சுகாசினிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவையும் அப்படியே எழுதிவிட்டது, மேலே அடித்திருப்பது அதுதான், வேறு தாள் எடுக்க மனம் வரவில்லை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பேச்சுதான் இல்லை, அதைப் பின்னால் எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, தாமல் ஏரி நிரம்பிவிட்டதாம், நம் காலனியில் வழக்கம்போல வாசல் வரைக்கும் தண்ணீர், பீரோவைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அம்மா அம்மா என்று குறுக்கே வந்து எனக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். நீ அங்கே போய்க் கற்றுக்கொண்ட குரல் அது, எல்லோரையும் சமாதானப்படுத்துகிற குரல், அதைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. தாளில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் உட்கார்ந்து முழுவதும் படி.

போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். பொங்கல் சமயத்தில் உன்னோடு ஜெர்மனியிலிருந்து சிலர் வருகிறார்கள், பல மதத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஊருக்கு ஒரு நல்லது செய்ததை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள், நம் வீட்டில் அவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டும், வண்டிக்குப் பக்கத்தில் நின்று நான் நாலு வார்த்தை பேச வேண்டும், பெரியப்பா படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு அங்கே வைத்தால் அவர்கள் மனதைத் தொடும், இவ்வளவும் சொல்லியிருந்தாய். வெள்ளைக்காரர்கள் மனதைத் தொடுவதற்காகத்தான் பெரியப்பா செத்தார் என்று எனக்கு இதுவரை தெரியாமல் போயிற்று. நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் போன அன்று நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும். உனக்கு உன் சிநேகிதன் விக்ரம் சொன்னது மட்டும்தான் தெரியும், கொஞ்சம் டென்ஷன் ஆனது, பிறகு எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொன்னானாம், நீயும் நம்பிக்கொண்டு அதை எனக்கே திருப்பிச் சொன்னாய், நான் அங்கே இல்லாதவள் மாதிரி.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லி உன்னிடம் அது வேறு கதையாகியிருக்கும், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். நம் காலனிக்கும் வேகவதி ஆற்றங்கரை மயானத்துக்கும் நடுவில் இருப்பது பாவடித் தெரு ஒன்றுதான். உயிரோடு இருக்கும் வரை நாம் அந்தத் தெருவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் வரலாம். அதன் முனையில்தான் என் தையல் கடை, அந்தத் தெருப் பெண்கள் எல்லோருடைய அளவும் எனக்கு மனப்பாடம், யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்று அவர்கள் புருஷன்மாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உன் பெரியப்பா வேலையில் இருந்த காலம் முழுவதும் தண்ணீர் லாரியை அந்தத் தெருவுக்குள்தான் ஓட்டிக்கொண்டு போனார், வீரா அண்ணே வீரா அண்ணே என்று குடத்தோடு ஓடி வருவார்கள், அவர் கொண்டுவந்த தண்ணீரில்தான் அவர்கள் வீட்டில் உலை ஏறியது. செத்த பிறகு மட்டும் போகக் கூடாது. கேட்டால் இது பாவு நீட்டுகிற தெரு, பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போடுகிற இடம், இதில் காலனிப் பிணம் போனால் பாவுக்குத் தீட்டு, பாவுக்குத் தீட்டென்றால் அதில் நெய்கிற கல்யாணப் புடவைக்குத் தீட்டு என்பார்கள். அவர்கள் வீட்டுப் பிணம் அதே தெருவில்தான் பூப்பல்லக்கில் வெடி வெடித்துக்கொண்டு போகிறது, சாக்கடை அடைத்தால் அள்ளிக்கொண்டு போகிற லாரியும் அதே தெருவில்தான் போகிறது, அதற்கெல்லாம் பாவு ஒன்றும் ஆவதில்லை. நம்மவர்களைச் சாக்கடை ஓரமாக, முள்ளுக்குள்ளே, ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம். உன் சின்னப் பாட்டியைக் கொண்டுபோகும்போது கால் வழுக்கி, பெட்டி தண்ணீரில் சாய்ந்ததை நீயே கண்ணால் பார்த்தாய், பள்ளிக்கூடச் சீருடையில் நின்று பார்த்தாய்.

நீ ஏனாத்தூர் காலேஜில் படிக்கும்போது கைகோர்ப்போம் என்று ஒரு குழு ஆரம்பித்தீர்கள். நீ, பாவடித் தெருவில் பட்டுக்கடை வைத்திருக்கிறவர் மகன் விக்ரம், சரிகை வியாபாரம் செய்கிற அப்துல் ரஹ்மான் பாய் மகள் நிக்கத், இன்னும் சில பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நம் வீட்டில்தான் கூட்டம். ஒரு வாரம் பைபிள், ஒரு வாரம் குர்ஆன், ஒரு வாரம் கீதை, ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டுவீர்கள், எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறது பார்த்தாயா என்று ஆச்சரியப்படுவீர்கள். நான் வாயைத் திறக்காமல் டீ போட்டுக் கொடுத்தேன். நம் வீட்டில் நான் ஜெபத்தை முடித்து எழுந்த பாயிலேயே பெரியப்பா விபூதி பூசிக்கொண்டு உட்காருவார், நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்படித்தான், அதற்கு யாரும் குழு வைக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. விக்ரம் அந்த டீயை ஒரு நாளும் குடித்ததில்லை, டயட் ஆன்ட்டி என்று சொல்லிப் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுப்பான், பாக்கெட் பிரிக்காத பிஸ்கெட் என்றால் மட்டும் கை வைப்பான். நான் உன்னிடம் சொன்னேன். உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், உன்னை மாதிரி ஆட்களால்தான் ஊர் இப்படி இருக்கிறது என்று என் மூக்கை உடைத்தாய். நோன்புக்கு நிக்கத் வீட்டுக் கஞ்சி வந்தது, கிறிஸ்துமஸுக்கு நம் கேக் அவர்கள் வீட்டுக்குப் போனது, பொங்கலுக்கு எல்லோரும் பட்டு கட்டிக்கொண்டு படம் பிடித்தீர்கள். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மூன்று வேதத்தையும் கரைத்துக் குடித்தீர்கள், நம் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த ஒரு தெருவைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசவில்லை. அது மதம் சம்பந்தப்பட்டது இல்லையாம்.

கடைசியில் காலனிப் பையன்கள்தான் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பாதை கேட்டார்கள். தெருக்காரர்கள் கொதித்தார்கள், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுத் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். அப்போதுதான் உங்கள் குழு குறுக்கே வந்தது. தெருவும் வேண்டாம் சண்டையும் வேண்டாம், எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒரு குளிர்சாதன அமரர் வண்டி வாங்கிவிட்டால் வாலாஜாபாத் ரோடு சுற்றி மரியாதையாகக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னது நீ. அங்கே இங்கே எழுதி வெளிநாட்டுச் சபைக்காரர்களிடம் வாங்கிக் கொடுத்ததும் நீ. வண்டியின் இரண்டு பக்கமும் சிலுவை, பிறை, ஓம் மூன்றையும் வரைந்து கீழே கோத்த கைகளை வரைந்தீர்கள், மூன்று மதத்துப் பெரியவர்களும் வந்து பிரார்த்தனை செய்தார்கள், பேப்பரில் படம் வந்தது. அந்த வண்டிக்குப் பதிலாகக் காலனி இனிமேல் பாவடித் தெரு வழியைக் கேட்காது என்று தாலுகா ஆபீசில் ஒப்பந்தம் எழுதினார்கள். படித்த பெண் போடட்டும் என்று நம் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, காலனி சார்பில் நீ கையெழுத்துப் போட்டாய், சாட்சிக்கு விக்ரமும் நிக்கத்தும் போட்டார்கள். பெரியப்பா உள்ளே வராமல் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார். நீ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது முதல் படி பெரியப்பா, தெரு தானாகப் பின்னால் கிடைக்கும் என்றாய். அவர் சிரித்தார்.

"நீ சொன்னா சரி பாப்பா. ஆனா என்னைய மட்டும் அதுல ஏத்தாதீங்க. வண்டி ஓட்டி ஓட்டியே முதுகு போச்சி, போவும்போதாவது நாலு பேரு தோள்ல போறேன்."

நீயும் சிரித்தாய். எனக்கு இப்போது அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. வண்டி வந்த வருஷமே நீ வேலைக்கென்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் போய்விட்டாய், அந்த வண்டியைப் பற்றிப் பேசித்தான் அந்த வேலையும் கிடைத்தது என்று நீயே சொன்னாய். வண்டி விக்ரம் வீட்டுக் கொட்டகையில் நின்றது, சாவியும் அவனிடம்தான்.

புரட்டாசி கடைசியில் பெரியப்பா போனார். காலையில் பல் விளக்கிவிட்டு வந்து காபிக்குக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்துவிட்டார், அது உனக்குத் தெரியும். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குத்தான் சொன்னேன். பெண்டாட்டி போய்ப் பிள்ளை இல்லாமல் நம்மோடேயே இருந்த மனுஷன், உன்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கருட சேவைக் கூட்டத்தில் நின்றவர், அவர் செய்தி உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நீ அழுதாய், உடனே டிக்கெட் கிடைக்காது என்றாய், கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா, நீ எதற்கும் அலையாதே என்றாய். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இங்கே காலனி முழுவதும் கூடிப் பேசினார்கள், வேப்பமரத்தடியில் அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. மத்தியானம் தெரு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் கொண்டுபோவது, மேளம் வேண்டாம், சங்கு வேண்டாம், வெடி வேண்டாம், பொரியை மட்டும் இறைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தாண்டிவிடுவது, தெரு தாண்டும் வரை யாரும் வாய்விட்டு அழக்கூடாது என்று முடிவு செய்தார்கள். வாழ்நாளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போன தெருவில் அவரைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோக ஏற்பாடு செய்தோம், எங்கள் துணிச்சல் அவ்வளவுதான்.

பெண்கள் தெருமுனை வரைக்கும் வந்து திரும்புவது வழக்கம், நானும் போனேன். முனை திரும்பினால் உன் வண்டி நிற்கிறது. நீளவாக்கில் இல்லை, தெருவை அடைத்துக் குறுக்கே நிற்கிறது, ஒரு பக்கம் என் கடைச் சுவர், மறுபக்கம் டிரான்ஸ்பார்மர், நடுவில் ஆள் நுழைய இடமில்லை. சிலுவையும் பிறையும் ஓமும் எங்களைப் பார்த்தபடி. கோத்த கை போட்ட டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு விக்ரம் நிற்கிறான், ஒரு கையில் மாலை, ஒரு கையில் சாவி. அவனுக்குப் பின்னால் தெரு முழுவதும் விழித்துக்கொண்டு நிற்கிறது, ஒருவரும் படுத்திருக்கவில்லை, உன் செய்தி வந்த நிமிஷத்திலிருந்து ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். விக்ரம் நேராக என்னிடம் வந்து மாலையும் சாவியுமாகவே கைகூப்பினான்.

"வருத்தமா இருக்குது ஆன்ட்டி. சுகாதான் காலையில மெசேஜ் போட்டுச்சி, பெரியப்பாவுக்கு வண்டி அனுப்புன்னு. நீங்க இப்டிக்கா வந்துக்கினு இருக்கீங்கன்னு சொன்னாங்க, அதான் இங்கியே கொண்டாந்து நிறுத்திட்டேன். ஏசி போட்டு வெச்சிருக்கேன்."

போனைத் திறந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினான். நீ எழுதியதுதான், கீழே கைகூப்பிய படம் மூன்று போட்டிருந்தாய். அவன் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை சுகாசினி, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, கடைக்கு வருகிறவர்களிடம் புடவை காட்டுகிற குரலில்தான் பேசினான். அப்பா போய் வண்டியை எடுக்கச் சொன்னார். நீங்கள் வண்டியில் கொண்டுபோவதாகத்தானே அங்கிள் பேச்சு, உங்கள் பெண் போட்ட கையெழுத்துதானே என்றான். எனக்கு வாடிக்கையாக ஜாக்கெட் கொடுக்கிற ரேணுகாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்து, நீ நல்லவள் கிரேஸ், இவர்களுக்குப் புத்தி சொல்லித் திருப்பிக் கூட்டிப்போ என்றாள். தூக்கின பாடையை நடுவில் கீழே வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும், ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துக்கொண்டே நின்றார்கள். புரட்டாசி வெயில், ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது, நான் என் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன்.

நிக்கத் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள், யார் சொன்னார்களோ தெரியாது. நேராக விக்ரமிடம் போய்ச் சாவியைக் கேட்டாள். அவன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"நீ இதுல வராத நிக்கத். இது மதப் பிரச்சனை இல்ல, நம்ம குரூப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்து அழுதுகொண்டே கையைப் பிடிக்க வந்தாள், நாங்கள் நல்லதுதான் நினைத்தோம் ஆன்ட்டி என்றாள். அழுவதற்கு எங்கள் ஆட்களே நிறையப் பேர் இருக்கிறார்கள், நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். அவள் போகவில்லை, ஓரமாக நின்றாள். பிறகு ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர்கள் வந்தார்கள், கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலைத் தெருக்காரர்கள் தயாராக வைத்திருந்தார்கள், உன் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள், கே.ஆர். சுகாசினி, காலனி சார்பில் என்று. வண்டியில் ஏற்றுங்கள், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு நிற்கிற பையன்கள் அத்தனை பேர் மேலும் கேஸ் என்றார்கள். அதில் பாதிப் பேர் போலீஸ் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகள். அவர்கள் அப்போதும் நகரவில்லை. அப்பாதான் போதும் என்று கையைக் காட்டினார். தன் கையாலேயே வண்டியின் பின்கதவைத் திறந்தார், அண்ணன் தலைப்பக்கம் தானே பிடித்து உள்ளே தள்ளினார். தெருவில் யாரோ கை தட்டினார்கள். விக்ரம் அந்த மாலையைப் போட்டான்.

உள்ளே கூடப் போக ஒரு ஆளுக்குத்தான் இடம், அப்பா ஏறிக்கொண்டார். இறைக்கிற பொரி வைத்த பை அவர் மடியில் இருந்தது, அந்த வண்டியின் கண்ணாடி இறங்காது, வழியெல்லாம் ஒரு பிடி பொரிகூட இறைக்க முடியவில்லை. போதாததற்கு ரயில்வே கேட் போட்டிருந்தார்கள், சரக்கு வண்டி போய் முடிகிற வரை உன் பெரியப்பா ஏசியில் நின்றார். முன்சீட்டில் விக்ரம் போன் பார்த்துக்கொண்டு இருந்தானாம், கேட்டில் நின்றவர்கள் சொன்னார்கள். சாக்கடை வழியாக நடந்துபோன நம் ஆட்கள் குழிக்குப் பக்கத்தில் எத்தனையோ நேரம் காத்திருந்தார்கள். அப்பா இறங்கும்போது பொரிப்பையை அப்படியே இடுப்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார், குழிக்குள்ளே கொட்டினார். அன்றிலிருந்து அவர் என்னிடமும் பேசுவதில்லை, சாப்பிட வாங்க என்றால் வருகிறார், போதுமென்று தோன்றினால் எழுந்துவிடுகிறார். அன்று சாயந்திரமே உங்கள் கைகோர்ப்போம் பேஸ்புக் பக்கத்தில் வண்டியின் படம் வந்தது, அன்பின் பயணம் தொடர்கிறது என்று மேலே எழுதியிருந்தார்கள். நிக்கத் போனில் காட்டினாள். முதல் ஆளாக நீ இதயம் போட்டிருந்தாய். உனக்கு அப்போது விஷயம் தெரியாது என்று நிக்கத் உனக்காக வாதாடினாள். தெரியாதுதான். தெரியாமலே எல்லாவற்றுக்கும் இதயம் போடுகிற இடத்துக்கு நீ போய்விட்டாய் என்றுதான் நானும் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஊரில் பேசுகிறார்கள், உன் காதுக்கு எப்படியும் வரும், நானே எழுதிவிடுகிறேன். ரேணுகாம்பாள் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம், முகூர்த்த ஜாக்கெட், வரவேற்பு ஜாக்கெட், நலங்கு ஜாக்கெட் எல்லாம் என்னிடம்தான் கொடுத்திருந்தாள், ஆரி வேலை முடிந்து வெட்டியும் வைத்திருந்தேன். பெரியப்பாவை அடக்கம் செய்த மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கடைக்கு வந்து, கை கொஞ்சம் தளர்த்தி வை கிரேஸ் என்றாள். நான் எல்லாவற்றையும் வெட்டினது வெட்டினபடி பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டேன். இந்தச் சமயத்தில் எந்தத் தையல்காரி கிடைப்பாள் என்று கெஞ்சினாள், பெண் வந்து என் கடை வாசலில் நின்று அழுதாள், நான் மிஷினை நிறுத்தக்கூட இல்லை. இது பிணத்தைத் தொட்ட கை, கல்யாணத் துணிக்குத் தீட்டு என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ தைத்து, மேடையில் முதுகுப் பக்கம் பிரிந்து ஊக்கு குத்திக்கொண்டு நின்றாளாம், கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று நீ கேட்பாய். கேள். உன் பெரியப்பா என்ன செய்தார் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வந்து கேள். இப்போது தெருவிலிருந்து யாரும் துணி கொடுப்பதில்லை, காலனித் துணியும் பள்ளிக்கூடச் சீருடையும்தான் வருகிறது, அது போதும், நீ எதையும் அனுப்பிவைக்க வேண்டாம்.

நிக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளையும் நான் மன்னிக்கவில்லை, அவள் கையெழுத்தும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஆனாலும் அவள் வந்தாள். இதில் தலையிடாதே, நம் சரிகையை வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்தத் தெருக்காரர்கள்தான், நாம் இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டுதான் இத்தனை தலைமுறை இருந்தோம் என்று அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டுத்தான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு என்னோடு வந்து வரிசையில் நின்றாள், சாட்சிக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு திங்கட்கிழமை அலைந்தோம். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி, பொறுமையாகப் படித்துப் பார்த்தார்கள். சாட்சி மாறினால் ஒன்றும் ஆகாது, காலனிக்காகப் போட்டது உங்கள் பெண், அந்தப் பெண் நேரில் வந்து அந்த உரிமையை விட்டுக்கொடுக்க என்னிடம் யாரும் சொல்லவில்லை, வழி எங்களுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றார்கள். மூடின கதவைத் திறக்க உன்னால்தான் முடியும் என்று ஆகிவிட்டது. இதைக் கேட்டதும் உனக்குப் பெருமையாக இருக்குமோ என்றுகூட எனக்கு ஒரு பயம்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். தாராளமாக வரச்சொல், காபி கொடுக்கிறேன், முறுக்கும் சுட்டு வைக்கிறேன், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். அந்த வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன், பெரியப்பா படம் என் வீட்டுச் சுவரை விட்டு இறங்காது. நீ வந்ததும் முதல் திங்கட்கிழமை அந்த ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடு, உன் விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு போ, இவ்வளவு நாள் அவர்களுக்குச் சொன்ன கதையில் எதை விட்டுவிட்டாய் என்று அவர்கள் பாஷையிலேயே அவர்கள் முன்னால் சொல். வேலை போய்விடும் என்றால் போகட்டும். போகாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. உன்னால் முடியாது, விக்ரமும் வருத்தப்படுவான், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினால் சரியாகிவிடும் என்றெல்லாம் தோன்றினால், பொங்கலுக்கு வராதே. ஓட்டலில் தங்கிக்கொள், வண்டியைக் காட்டு, படம் பிடித்துக்கொண்டு அப்படியே விமானம் ஏறு. வாசலில் வந்து நின்று அம்மா என்று கூப்பிட்டால் நான் திறந்துவிடுவேன், அது எனக்குத் தெரியும், அதனால்தான் வராதே என்று இப்போதே எழுதுகிறேன்.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் சளி இறங்கும். பட்டினி கிடக்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், பெரியப்பாவின் சாமியும் உன்னோடு இருக்கட்டும். போன பங்குனியில் உனக்கென்று அவர் மடித்து வைத்த விபூதி என் பைபிளுக்குள் இருந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன், கொட்டாமல் பிரி.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அப்பாவிடமும் நிக்கத்திடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அப்பாவும் சரியென்று தலையாட்டினார். நீ வந்து அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், நான் கண்ணை மூடினதும் முதல் போன் உனக்குத்தான் வரும். வாங்காமல் இருந்தால், என்னைக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, எல்லோரும் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு உனக்குச் சொல்வார்கள்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
கிரேஸ் ராமராஜன்